பஸ் டிப்போவில் புதிதாகச் சேர்ந்தவர் தொழிற்சங்கத்தில் சேரத்தான் வேண்டுமா?

சேராமலே இருக்கலாம், கட்டாயம் ஒன்றும் இல்லை. முதல் சம்பளம் வந்ததுமே ரசீதுப் புத்தகத்தோடு நாலு சங்கத்துக்காரர்கள் உங்களைச் சுற்றுகிறார்கள் போலிருக்கிறது. வடசென்னையில் நான் கண்டக்டராக இருந்த டிப்போவிலும் அதே கதைதான்.

சந்தா கட்டாதவனுக்கும் ஊதிய உயர்வு உண்டு. தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் நிர்வாகமும் சங்கங்களும் போடுகிற ஒப்பந்தம் (பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவை வைத்து 12(3) என்போம்) உறுப்பினர் அல்லாதவருக்கும் சேர்த்துத்தான். "எவன் கத்தினாலும் எனக்கு வரவேண்டியது வரும்" என்று பலர் ஒதுங்குவது அதனால்தான். குற்றம் சாட்டி மெமோ வரும்வரை அது சரியான கணக்கு.

எனக்கு வந்தது. திருவொற்றியூர் தேரடியில் செக்கிங் ஏறினார்கள். காலடிப்பேட்டையில் ஏறிப் படியில் தொங்கிய ஒருவரிடம் டிக்கெட் இல்லை. நான் கூட்டத்துக்குள் முன்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தேன். காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லை என்று சார்ஜ் மெமோ! சங்கச் செயலாளர் கேன்டீனில் டீ கிளாசைத் தள்ளிவைத்துவிட்டு, எந்த ஸ்டேஜில் எத்தனை டிக்கெட் விற்றது என்று கண்டக்டர் எழுதும் வே-பில்லை விரித்தார். ஸ்டேஜ் ஸ்டேஜாக விரல் வைத்துக் கூட்டிப் பார்த்து, பையில் ஒரு ரூபாய்கூட அதிகம் இல்லை என்பதைப் பதிலின் முதல் வரியாக எழுதினார். விசாரணையில் ஒரே கேள்விதான் கேட்டார்: "காசு கொடுத்தேன் என்று அந்தப் பயணி எழுதிக் கொடுத்தாரா?" இல்லை. இன்க்ரிமென்ட் வெட்டுப்படாமல் தப்பியது.

உடனே என்னைக் கட்சிக்காரன் என்று சொல்லக் கிளம்பாதீர்கள். அந்தச் செயலாளரின் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதே இல்லை. ஆட்சி மாறியதும் ராத்திரியோடு ராத்திரியாகச் சங்கம் மாறி, நல்ல ரூட்டும் ஆபீஸ் டூட்டியும் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வெறுப்பில் விலகியவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பயந்து விலகியவர்களும் உண்டு. 2003 ஜூலை ஸ்ட்ரைக்கில் வேலை போன லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களில் என் மச்சானும் ஒருவர். அரசு ஊழியர்களுக்கு ஸ்ட்ரைக் செய்ய உரிமையே கிடையாது என்று ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. மன்னிப்பு எழுதிக் கொடுத்து உள்ளே போனவர், அப்புறம் சங்கம் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். காசிமேட்டைத் தாண்டுவதற்குள் டிரிப் டைம் போய்விடும், அதற்கும் விளக்கம் கேட்பது டிரைவர் கண்டக்டரிடம்தான். சிலை திறப்புக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் வாயிற்கூட்டம் போட்ட எங்கள் சங்கங்களில் ஒன்றுகூட இதற்காக ஒரு கூட்டம் போட்டதில்லை.