வேலையில் திருப்தி இல்லையென்றால் உடம்பும் மனசும் கெடுமா?

கெடும். சம்பளம் முக்கியம்தான். ஆனால் வேலையில் நாமே முடிவெடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

1985-இல் லண்டனில் 10,308 அரசு ஊழியர்களை வைத்து மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் 'வைட்ஹால் 2' என்ற உடல்நல ஆய்வைத் தொடங்கினார். எல்லாரும் அலுவலக வேலை பார்ப்பவர்கள். அப்படியும், தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. மாரடைப்பு பெரிய அதிகாரிகளுக்குத்தான் வரும் என்று நினைக்கிறோமே, அதற்கு நேர்மாறு.

என் அக்கா ஒரு கால் சென்டரில் இருந்தாள். பாத்ரூம் போகக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே பேச்சு நின்றுவிடும். இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருப்பாள். அப்புறம் அங்கேயே பயிற்சி கொடுக்கும் பிரிவுக்கு மாறினாள். சம்பளம் ஏறவில்லை, தூக்கம் திரும்பி வந்தது.

இது எதிர்த்திசையிலும் நடக்கும். வீட்டில் கவலை இருந்தால் நல்ல வேலையும் கசக்கும். அதனால் ராஜினாமா எழுதுவதற்கு முன், கசப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வேலையிலிருந்துதான் என்றால், மேலாளரிடம் முதலில் உங்கள் நேரத்தையும் வேலை முறையையும் நீங்களே தீர்மானிக்க இடம் கேளுங்கள்.