விளக்குமாற்றிலிருந்து கவுன்சில் வரை: தம்பிக்குப் பதில்

தம்பி, லண்டன் வந்து ஆறு மாதம், ஸ்டேஷனில் இரவுத் துப்புரவு வேலை என்று எழுதியிருந்தீர். "நீங்களும் இப்படித் தொடங்கித்தானே கவுன்சிலர் ஆனீங்கள், நான் சிற்றிசன் (குடியுரிமை) கிடைக்கும்வரை பொறுக்க வேணுமோ?" என்றும் கேட்டிருந்தீர். லீவில் யாழ்ப்பாணம் கொக்குவில் வந்து நிற்கிறேன். காலைக் கோச்சி (ரயில்) போன கையோடு எழுதுகிறேன்.

பொறுக்கத் தேவையில்லை. இலங்கை பொதுநலவாய (கொமன்வெல்த்) நாடு. செல்லுபடியான விசா இருந்தாலே பாராளுமன்றத் தேர்தலுக்கும் வாக்குப் போடலாம். முதலில் போய்ப் பெயரைப் பதியும். கவுன்சிலுக்கு நிற்க நிரந்தர வதிவிட உரிமை போதும். கட்டுப்பணமும் (டெபாசிட்) இல்லை.

எங்கள் ஒழுங்கையில் மலாயா ரயில்வேயில் இருந்து பென்சனோடு திரும்பியவர்கள் இருந்தார்கள். அவர்களின் கல்வீட்டைப் பார்த்து ரயில் உத்தியோகம் என்றால் ராச உத்தியோகம் என்று நினைத்தவன் நான். லண்டனில் கையில் தந்தது விளக்குமாறு.

2014இல் முதன்முதல் நின்றபோது வேட்புமனுவில் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும் (இப்போது இரண்டு பேர் போதும்). ஓர் அன்ரி தேத்தண்ணியும் தந்து ஆசையோடு கையெழுத்து வைத்தார். வாக்காளர் இலக்கம் எழுதப் பட்டியலைப் பார்த்தால் ஆளைக் காணவில்லை! தகப்பன் பெயரும் அவர் பெயரும் இடம் மாறிப் பதிவாகியிருந்தன. கண்டுபிடிக்க இரவு பதினொரு மணி.

சரி, அந்த முறை தோற்றேன். பிறகு தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் வேலை வந்தது. இரவு பஸ் பிந்தியதால் சம்பளம் வெட்டுப்பட்ட பொடியனுக்காகப் போய்க் கதைப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, இதுதான் வேலை. 2018இல் கதவு தட்டினால் "அந்த ஸ்டேஷன்காரர்தானே?" என்றார்கள். வென்றேன்.

சங்கம் என்றால் கோயில் என்று நினைக்காதேயும். டொமினிக்காவிலிருந்து வந்த ரயில் கார்ட் அஸ்க்வித் சேவியருக்கு 1966இல் யூஸ்டன் ஸ்டேஷனில் நிறத்தைப் பார்த்து வேலை மறுத்ததில் அங்கிருந்த சங்கக்காரருக்கும் பங்கு உண்டு. அவர் விடவில்லை, விஷயம் வெளியே வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கேயே வேலை ஏறினார்.

கவுன்சிலரானாலும் வேலையை விட முடியாது; கிடைப்பது அலவன்ஸ்தான். கூட்டங்களுக்கு நியாயமான அளவு நேரம் விட முதலாளிக்குச் சட்டக் கடமை உண்டு, அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை.

அப்புறம், துண்டுப்பிரசுரம் போடும்போது விரலைக் கதவுத் துவாரத்துக்குள் விடாதேயும். உள்ளே நாய் இருக்கும். தட்டையான காம்புள்ள அகப்பையால் தள்ள வேண்டும். இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒன்று வாங்கி வருகிறேன்.