ரேடியேட்டர் செலவை இன்ஷூரன்ஸ் மறுத்தால் யாரிடம் கேட்பது?

கேள்வி: என்னுடையது 1,200 சி.சி. பெட்ரோல் கார், வாங்கி நாலரை வருடம் ஆகிறது. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பாகங்களின் விலையைத் தரும் கூடுதல் கவர்) இருக்கிறது, இன்ஜின் புரொடெக்ட் (இன்ஜின் சேதத்துக்கான கூடுதல் கவர்) எடுக்கவில்லை. கிண்டியில் முன்னால் போன வேனில் லேசாக இடித்ததில் பம்பரும் கிரில்லும் உடைந்தன. ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ்ஸில் (பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் முறை) மாற்றிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் ஓ.எம்.ஆர். நெரிசலில் ஏ.சி. குளிர்ச்சி குறைந்தது, டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிந்தது. இன்னும் 2 கி.மீ. ஓட்டிப்போய் ஒரு மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினேன். ரேடியேட்டர், கண்டென்சர் (ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் பாகம்), ஃபேன் ரூ.26,700, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) வேலை ரூ.41,300, மொத்தம் ரூ.68,000 என்கிறார்கள். ‘மெக்கானிக்கல் பிரேக்டவுன்’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. கட்டிவிட்டுப் போவதா, போராடுவதா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: போராடுங்கள். ஆனால் ரூ.68,000-ஐ ஒரே தொகையாகக் கேட்காதீர்கள்; அப்படிக் கேட்பதால்தான் மொத்தமாக மறுக்க அவர்களுக்கு வசதியாகிறது. இவை இரண்டு தனித்தனி பில்கள், கேட்க வேண்டிய இடங்களும் வேறு.

முதல் பில் ரூ.26,700. இது மோதலின் நேரடிச் சேதம் என்று நிரூபிக்க முடியும். பம்பருக்குப் பின்னால் கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர், அதையொட்டி ஃபேன். மெதுவாக இடித்தாலும் பம்பர் உள்வாங்கி இவற்றை அழுத்தும். இன்றைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், இரு ஓரத் தொட்டிகளும் பிளாஸ்டிக். தொட்டியில் விழும் மயிரிழை விரிசல் வண்டி குளிர்ந்திருக்கும்போது சொட்டாது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடாகி, அழுத்தம் சுமார் 1 பார் (bar) அளவுக்கு ஏறும்போதுதான் கசியும். ஃபேன் கூடு வளைந்து இறக்கை உரசினால், வேகமாகப் போகும்போது எதிர்காற்றே சமாளித்துவிடும். நெரிசலில் நின்றால் மாட்டிக்கொள்ளும். நான்கு நாள் ஓடிவிட்டு ஓ.எம்.ஆரில் நின்றது என்பது உங்களுக்குச் சாதகமான விவரம்தான்.

இதைச் சோதித்துக் காட்டுங்கள். ரேடியேட்டர் மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம்வரை கைப்பம்பால் ஏற்றி 15 நிமிடம் வைத்தால் முள் இறங்குவதும் கசியும் இடமும் தெரியும். இரண்டையும் தேதியுடன் வீடியோ எடுங்கள். உடைந்த விளிம்பு சுத்தமாக இருந்தால் புதுச் சேதம். அங்கே கூலன்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் பழைய கசிவு; சர்வேயர் (இன்ஷூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்) அதைத் தேய்மானம் என்பார், அவரைக் குறை சொல்ல முடியாது.

புதிய கிளெய்ம் போடவே போடாதீர்கள். மோதலே இல்லாத தேதியில் கிளெய்ம் போட்டால் நிராகரிப்பு நிச்சயம். ஒருவேளை ஏற்றாலும் கட்டாயப் பிடித்தம் ரூ.1,000 இன்னொரு முறை போகும். பழைய கிளெய்ம் எண்ணிலேயே சப்ளிமென்டரி எஸ்டிமேட் (கூடுதல் செலவு மதிப்பீடு) கொடுத்து, சர்வேயர் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அதுவரை எதையும் கழற்ற விடாதீர்கள். பம்பருக்குக் கிளெய்ம் செய்தபோதே என்.சி.பி. (கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விட்டது, எனவே இதைக் கேட்பதால் கூடுதல் இழப்பு இல்லை. ஜீரோ டெப் இல்லாவிட்டால் நாலரை வருட வண்டிக்கு உலோகப் பாகங்களில் 35%, பிளாஸ்டிக்கில் 50% கழித்திருப்பார்கள். கூலன்ட் மட்டும் கன்ஸ்யூமபிள்ஸ் கவர் (ஆயில், கூலன்ட் போன்ற தீர்ந்துபோகும் பொருட்களுக்கான கூடுதல் கவர்) இருந்தால்தான் கிடைக்கும்.

இரண்டாவது பில் ரூ.41,300. இங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாதம் வலுவானது. விளைவுச் சேதம், அதாவது முதல் சேதத்தின் தொடர்ச்சியாகப் பிறகு வரும் சேதம், பாலிசியில் விலக்கப்பட்டிருக்கிறது. பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடும் சேதம் வண்டிக்காரர் பொறுப்பு என்ற நிபந்தனையும் உண்டு. ஜீரோ டெப் இதற்கு உதவாது.

இந்தத் தொகையைக் கேட்க வேண்டியது பம்பர் மாற்றிய ஒர்க்‌ஷாப்பிடம். பம்பரைக் கழற்றியவர்களுக்குக் கண்டென்சர் கண்ணெதிரே இருந்திருக்கும். ஜாப் கார்டை (செய்த வேலைகளை ஒர்க்‌ஷாப் எழுதிவைக்கும் தாள்) வாங்கிப் பாருங்கள்: கூலிங் சிஸ்டம் சோதித்ததாக ஒரு வரிகூட இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு. விளக்கு எரிந்த பிறகு ஓட்டிய 2 கி.மீ.யை அவர்கள் நிச்சயம் இழுப்பார்கள். கூலன்ட் இல்லாத இன்ஜினில் கேஸ்கெட் போக சில நிமிடங்களே போதும் என்பதால் அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பாதித் தொகைக்கு இறங்கி வந்தால் ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அதற்கும் முன், கேஸ்கெட் உண்மையிலேயே போய்விட்டதா? ஓவர்ஹீட் என்றதுமே ஹெட்டைக் கழற்றச் சொல்லும் பழக்கம் சில ஷெட்களில் உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. இன்ஜினில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். ஆயில் பால் கலந்த காபி போல் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுமே இல்லையென்றால் ரேடியேட்டரை மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம், அந்த ரூ.41,300 தேவைப்படாமலேயே போகலாம்.

மறுஆய்வுக்குப் பிறகும் ரேடியேட்டர் பில்லை மறுத்தால் சர்வே ரிப்போர்ட் நகலைக் கேட்டு, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகத்துக்குப் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். இதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் ஆம்பட்ஸ்மேன் எடுக்கமாட்டார். ஒர்க்‌ஷாப் அவர் வரம்புக்குள் வராது; அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டாண்டு அவகாசம்.

இந்த முடிவுகள் வரும்வரை பழைய ரேடியேட்டரும் கண்டென்சரும் புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.