ஒரு சிறு நகரத்தின் பேஸ்பால் அணி எப்படி நிலைத்தது, ஏன் ஊரை விட்டுப் போனது?

"அமெரிக்கச் சிறு நகரங்களில் சில மைனர் லீக் பேஸ்பால் அணிகள் பல பத்தாண்டுகள் நிலைத்து நிற்கின்றன, சில திடீரென்று வேறு ஊருக்குப் போய்விடுகின்றன. ஏதேனும் ஓர் அணியின் வரலாற்றைக் கொண்டு இதை விளக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொட்டக்கெட் ரெட் சாக்ஸ் அணியைக் கொண்டு சொல்கிறேன். ஊரார் அதைப் 'பாசாக்ஸ்' என்று சுருக்கி அழைப்பார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நான் குடியிருந்த ஆண்டுகளில், கோடை மாலைகளில் குடும்பத்தோடு போய் உட்கார்ந்த இடம் அவர்களுடைய மக்காய் ஸ்டேடியம். ஆகவே இதை முழுக்க வெளியாளாக நின்று எழுத என்னால் முடியாது.

மைனர் லீக் அமைப்பைப் பற்றி ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் 30 அணிகளில் ஒவ்வொன்றும் தன் இளம் ஆட்டக்காரர்களைப் பல படிகளாக அமைந்த சிறு அணிகளில் ஆடவைத்துத் தேற்றுகிறது. அவற்றில் உச்சப் படி டிரிபிள் ஏ, அதற்கு அடுத்தது டபுள் ஏ. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், யார் எந்த அணியில் ஆட வேண்டும், யார் எப்போது மேலே போக வேண்டும் என்று முடிவு செய்வதும் தாய் அணியின் வேலை. உள்ளூர் உரிமையாளர் கையில் மிஞ்சுபவை நுழைவுச் சீட்டு, தின்பண்டக் கடை, ஸ்டேடியப் பராமரிப்பு போன்றவைதான். நேற்றுவரை அணியைத் தாங்கி நின்ற பேட்டரை இன்று காலை தாய் அணி அழைத்துக்கொண்டால் உரிமையாளர் மறுக்க வழியில்லை. ஆகவே வெற்றியைக் காட்டிக் கூட்டம் சேர்க்க அவரால் முடியாது. வந்தவர்களுக்கு மாலைப்பொழுது நன்றாகக் கழிந்ததா என்பதில்தான் அவருடைய பிழைப்பு இருக்கிறது.

பொட்டக்கெட் பஞ்சாலை நகரம். பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில் 1793-இல் எழுந்த ஸ்லேட்டர் ஆலையே அமெரிக்காவில் நீர்விசையால் வெற்றிகரமாக இயங்கிய முதல் நூற்பாலை என்பதால், அந்நாட்டின் தொழிற்புரட்சி அங்கே தொடங்கியதாகச் சொல்வார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஆலைகள் தேய்ந்தபோது, மேயர் தாமஸ் மக்காய், மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்டப் பணத்தில், சதுப்பு நிலம் ஒன்றைத் தூர்த்து அங்கே ஒரு ஸ்டேடியம் கட்ட முனைந்தார். செலவு எகிறியதால் ஊரில் ஏச்சும் பேச்சும் நிறையவே எழுந்தன. 1942-இல் திறக்கப்பட்ட அந்த ஸ்டேடியத்துக்கு, அவர் இறந்த பிறகு அவர் பெயரையே வைத்தார்கள். 1946 முதல் 1949 வரை அங்கே ஆடிய அணிக்கு ஆலையின் நினைவாக 'ஸ்லேட்டர்ஸ்' என்று பெயர். அந்த அணி போனது. 1966-இல் கிளீவ்லண்டின் டபுள் ஏ அணி ஒன்று வந்து இரண்டே ஆண்டுகளில் அதுவும் போனது.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1970-இல் தன் டபுள் ஏ அணியையும், 1973-இல் டிரிபிள் ஏ அணியையும் பொட்டக்கெட்டுக்குக் கொண்டுவந்தது. 1973-இலேயே அணி, தான் ஆடிய டிரிபிள் ஏ லீக்கான இன்டர்நேஷனல் லீக்கின் கோப்பையை வென்றது. 1974-இல் ஜிம் ரைஸ் அங்கே ஆடி அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஆனால் களத்தில் வெற்றி இருந்தும் கணக்கில் நட்டமே மிஞ்சியது. உரிமையாளர் மாறினார்; 1976-இல் பெயரும் 'ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ்' என்று மாறியது; அப்போதும் தேறாமல் அணி திவாலானது.

அந்த நிலையில் அணியை ஏற்றுக்கொள்ளும்படி பென் மாண்டோர் என்பவரை வற்புறுத்தியவர், அதே ஊரில் பிறந்து பாஸ்டன் அணிகளுக்குப் பந்து வீசிப் பின்னர் வங்கி அதிகாரியான செட் நிக்கல்ஸ். மாண்டோர் கியூபெக்கில் பிறந்து, ரோட் ஐலண்டின் வுன்சாக்கெட் நகரில் வளர்ந்து, ஜவுளித் தொழிலில் பொருள் ஈட்டி ஓய்வு பெற்றிருந்தவர். அவர் 1977-இல் பொறுப்பேற்றார். மேலாளர் ஜோ மார்கனின் கீழ் அணி அந்த ஆண்டே லீக்கில் முதலிடம் பிடித்தும், பருவம் முழுவதிலும் வந்தவர்கள் ஏறத்தாழ 70,000 பேர்தான். முதலிடத்தால் கூட்டம் வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மாண்டோர் செய்தவற்றில் புதுமை எதுவும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றைக் கைவிடாமல் செய்தார். பொது மேலாளர் மைக் டம்புரோவோடு சேர்ந்து ஸ்டேடியத்தைத் துப்புரவாக்கினார். ஆலைத் தொழிலாளி ஒருவர் நான்கு பிள்ளைகளோடு வந்தாலும் கட்டுப்படியாகும் அளவில் சீட்டு விலையை வைத்திருந்தார். காரை நிறுத்தக் கட்டணம் வாங்கவில்லை. வருகிறவர்களிடம் தாமே போய்ப் பேசினார். 2005-இல் ஒரு பருவத்தில் வந்தவர்களின் எண்ணிக்கை 6,88,421 ஆனது. நகரத்தின் மக்கள்தொகையோ எழுபதாயிரத்தைச் சற்றே தாண்டியது.

மக்காய் ஸ்டேடியத்தின் ஒரு தனி வழக்கத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆட்டக்காரர்கள் அமரும் கூடம் பார்வையாளர் வரிசைகளுக்கு நேர் கீழே இருந்ததால், கையெழுத்து கேட்டு அவர்களிடம் கை நீட்ட வழியில்லை. பிள்ளைகள் காலிப் பால் கேனின் வயிற்றை வெட்டித் திறந்து, அதற்குள் பந்தையும் பேனாவையும் வைத்து, கயிறு கட்டிக் கீழே இறக்குவார்கள். கீழே இருக்கும் ஆட்டக்காரர் கையெழுத்திட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இழுத்துக்கொள்வார்கள். இதற்குத் 'தூண்டில் போடுவது' என்றே பெயர். என் மகள் ஏழு வயதில் அந்தக் கேனைத் தானே செய்தாள். கீழே யார் எடுத்தார் என்று தெரியாமல், கயிறு அசையும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த அணியை உலகம் அறிந்தது ஓர் ஆட்டத்தால். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். சமனில் நின்றால் ஓர் அணி முந்தும்வரை கூடுதல் இன்னிங்ஸ் ஆடுவார்கள். 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு, நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் ரெட் விங்ஸ் அணியுடன் தொடங்கிய ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 1-1. கடுங்குளிர். எதிர்க்காற்று உயர அடித்த பந்தையெல்லாம் களத்துக்குள்ளேயே திருப்பியது. 21-ஆவது இன்னிங்ஸில் ரோசெஸ்டர் முந்தியது; அதே இன்னிங்ஸில் பொட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் அடித்த அடியில் மீண்டும் சமன். நள்ளிரவு தாண்டிக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்ற விதி, நடுவர்கள் கையிலிருந்த அந்த ஆண்டின் கையேட்டில் விடுபட்டிருந்தது. எனவே அவர்கள் நிறுத்த மறுத்தார்கள். ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளைப் பீப்பாயில் இட்டுக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். லீக் தலைவர் ஹெரால்ட் கூப்பரைத் தொலைபேசியில் பிடித்து அவர் உத்தரவு கிடைத்தபின், 32-ஆவது இன்னிங்ஸ் முடிவில் 2-2 என்ற நிலையில், ஈஸ்டர் அதிகாலை 4:07-க்கு நிறுத்தினார்கள். தொடக்கத்தில் இருந்த 1,740 பேரில் 19 பேர் மிஞ்சியிருந்தார்கள்.

ஜூன் 23 அன்று ஆட்டம் தொடர்ந்தது. அப்போது மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் நாட்டின் பத்திரிகையாளர்கள் எல்லாம் பொட்டக்கெட்டில் கூடியிருந்தார்கள். 18 நிமிடங்களில், 33-ஆவது இன்னிங்ஸில், டேவ் கோசா அடித்த அடியில் மார்ட்டி பாரெட் ஓடி வந்து வெற்றி ரன்னைச் சேர்த்தார். தொழில்முறைப் பேஸ்பாலில் இன்றுவரை இதுவே மிக நீண்ட ஆட்டம். அன்று மூன்றாம் பேஸ் என்ற இடத்தைக் காத்து நின்ற இருவருமே, பொட்டக்கெட்டின் பாக்ஸும் ரோசெஸ்டரின் கால் ரிப்கனும், பின்னாளில் பேஸ்பால் புகழரங்கில் இடம் பெற்றார்கள். வெற்றி அடியை அடித்த கோசா மேஜர் லீக்கில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மைனர் லீக் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது கோசாவைப் பற்றித்தான்.

மாண்டோர் 2010-இல் காலமானார். 2015-இல் அவர் குடும்பத்தார், பாஸ்டன் ரெட் சாக்ஸ் தலைவராக இருந்த லாரி லுக்கினோவும் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்கெஃபிங்டனும் முன்னின்ற குழுவுக்கு அணியை விற்றார்கள். புதியவர்கள் முதலில் தலைநகர் பிராவிடன்ஸுக்கு அணியைக் கொண்டுபோக முயன்றார்கள். சில மாதங்களிலேயே ஸ்கெஃபிங்டன் காலமாக, அந்தத் திட்டமும் மக்கள் எதிர்ப்பில் விழுந்தது. அடுத்து, பொட்டக்கெட்டிலேயே ஸ்லேட்டர் ஆலைக்கு அருகில் 83 மில்லியன் டாலரில் புதிய ஸ்டேடியம் என்றார்கள்; மாநிலமும் நகரமும் அதில் பங்கு தர வேண்டும். மாநில மேலவை ஒப்புக்கொண்ட திட்டத்தைக் கீழவை மாற்றி, கடனுக்கு மாநிலம் பொறுப்பேற்காதபடி செய்தது. 2018 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வுஸ்டர் நகருக்குப் போவதாக அணி அறிவித்தது.

கீழவையைக் குறை சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் சொல்ல மாட்டேன். முன்னாள் ரெட் சாக்ஸ் பந்து வீச்சாளர் கர்ட் ஷில்லிங்கின் வீடியோ விளையாட்டு நிறுவனத்துக்காக 75 மில்லியன் டாலர் கடனுக்கு 2010-இல் பொறுப்பேற்று, 2012-இல் அது திவாலாகிக் கையைச் சுட்டுக்கொண்ட மாநிலம் அது. ஏற்கெனவே பள்ளிக்கூடங்களைச் செப்பனிடப் பணமில்லாத இடத்தில், தனியார் அணிக்கு ஸ்டேடியம் கட்ட மக்கள் தயங்கியது நியாயம். என் வருத்தம் வேறு: ஊரே நாற்பது ஆண்டுகள் தன்னுடையது என்று நினைத்த அணி, சட்டப்படி ஒருபோதும் ஊருடையதாக இருந்ததில்லை. மாண்டோர் நல்லவராக இருந்ததால் அந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் படவில்லை.

ரோசெஸ்டரைப் பாருங்கள். அங்கும் 1956-இல் தாய் அணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கைகழுவ முனைந்தது. மாரி சில்வர் என்ற வணிகர் முன்னின்று பங்கு திரட்ட, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊரார் பங்கு வாங்கி, 1957-இல் அணியைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பிற்பாடு தாய் அணி மாறியது, ஸ்டேடியம் மாறியது. ரெட் விங்ஸ் இன்றும் ரோசெஸ்டரில்தான் ஆடுகிறது.

பொட்டக்கெட்டின் கடைசிப் பருவமாக இருந்திருக்க வேண்டியது 2020. கொரோனாவால் மைனர் லீக் பருவமே நடக்கவில்லை. அணி 2021-இல் வுஸ்டரில் ஆடத் தொடங்கியது. மக்காய் ஸ்டேடியத்தை 2025-இல் இடிக்கத் தொடங்கினார்கள், அங்கே உயர்நிலைப் பள்ளி வருகிறது. அந்த 2020 கோடையில், களத்தின் புல்வெளியில் இடைவெளி விட்டு மேசைகள் போட்டு, குடும்பங்களுக்கு இரவு உணவு பரிமாறினார்கள். நாங்களும் ஒரு மாலை போனோம். ஆட்டம் இல்லை, அறிவிப்பாளர் குரல் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் என் மகள் ஆட்டக்காரர் கூடத்தின் பக்கம் நடந்து போய், தான் இத்தனை ஆண்டுகள் கயிறு இறக்கிய இடத்தை முதன்முறையாகக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாள்.