பேஜ் ஃபைலை இரண்டாவது ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றலாமா?

விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், சி டிரைவ் எஸ்எஸ்டி. புதிதாகப் போட்ட 1 டிபி ஹார்டு டிஸ்க்குக்குப் பேஜ் ஃபைலை மாற்றினால் வேகம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள், வேகம் குறையும்.

ரேமில் இடம் போதாதபோது, அதிலுள்ள தகவலில் அப்போதைக்கு வேண்டாத பகுதிகளை விண்டோஸ் டிஸ்க்கில் ஒரு ஃபைலில் எழுதி வைக்கும்; அதுதான் பேஜ் ஃபைல். திரும்பக் கேட்கும்போது உடனே எடுத்துத் தர வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க்கில், தேவையான இடம், தகவலைப் படிக்கும் முனைக்குக் கீழே சுற்றி வரவே சராசரியாக 4 மில்லிசெகண்ட் ஆகிறது. முனை நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே இல்லை.

இரண்டுமே ஹார்டு டிஸ்க்காக இருந்த காலத்தில் இது நல்ல யோசனைதான். வேலை இரண்டு முனைகளுக்கும் பிரிந்துவிடும். ஆனால் ஒரே டிஸ்க்கைப் பிரித்து டி டிரைவில் வைத்தால் பயனில்லை. ஒரே முனைதான் அங்கும் இங்கும் அலையும்.

சரி, புது டிஸ்க்கை என்ன செய்வது? படம், வீடியோ, பேக்கப் எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, சி டிரைவில் இடம் விடுங்கள். பேஜ் ஃபைல் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும். அப்புறமும் திணறினால் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்குங்கள்.