109 தொடர் வெற்றிகளின் பயிற்சியாளர்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கைப்பந்துப் பயிற்சியாளர்களுள் தாங்கள் பெரிதும் மதிப்பவர் யார்?

பதில்: பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மகளிர் அணியை 1979 முதல் 2021 வரை பயிற்றுவித்த ரஸ் ரோஸ். 1,330 ஆட்டங்களில் வெற்றி கண்ட அவர், 7 முறை தேசியப் பட்டம் பெற்றுத் தந்தார். அவற்றுள் நான்கு, 2007 முதல் 2010 வரை இடைவெளியின்றி வந்தவை. 2007 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியிடம் தோற்றபின் தொடர்ந்து 109 ஆட்டங்களில் வென்ற அந்த அணியை, மூன்றாண்டுகள் கழித்து வீழ்த்தியதும் அதே ஸ்டான்ஃபோர்டுதான். அந்தத் தொடருக்குள் என்னை மிகவும் கவர்ந்தது 2008ஆம் ஆண்டு: 38 ஆட்டங்களில் அவர்கள் இழந்தவை இரண்டே செட்கள், அவ்விரண்டும் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில், நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிக்கு எதிராக நடந்த அரையிறுதியில். சொந்த மாநில ரசிகர்களின் ஆரவாரத்தில் எதிரணி சமன் செய்துவிட்ட நிலையில், ஐந்தாவது செட்டை வென்று இறுதிக்குச் சென்றது அவருடைய அணி.

ஆட்டத்தின்போது குறிப்பேட்டில் தம் கையாலேயே புள்ளிவிவரங்களைக் குறித்துவந்த அவருடைய பொறுமையை நம் பயிற்சியாளர்கள் அவசியம் கற்க வேண்டும். அவருக்குப்பின் பொறுப்பேற்றவர், 1999இல் முதல் பட்டம் வென்ற அணியில் ஆடிய கேட்டி ஷூமேக்கர்-காலி. 2024இல் அவரும் தேசியப் பட்டம் வென்றார். கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல்நிலைப் பிரிவில் அந்த மகளிர் பட்டத்தை வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் அவரே.