பழைய படிதான் நல்ல படியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஸ்லாந்தின் இடைக்கால உரைநடைக் கதையான ந்யாலின் சாகா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். முன்னுரையிலேயே தடுமாறிவிட்டேன். எழுதியவர் யாரென்று தெரியாதாம். அவர் கைப்பிரதி இல்லையாம். இருப்பவை சுமார் 60 கையெழுத்துப் படிகள், அவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஆனாலும் எந்தப் படி எதிலிருந்து வந்தது என்று அறிஞர்கள் மரம் வரைந்துவிடுகிறார்கள். படி எடுத்தவர்கள் பலர் பெயரோ தேதியோ எழுதி வைக்காதபோது இது எப்படி முடிகிறது? இருப்பதில் பழையதை எடுத்து அச்சிட்டால் போதாதா? இல்லை, கணினியிடம் கொடுத்தால் வேலை முடிந்துவிடாதா?

அன்புடன்,
மு.

அன்புள்ள மு.,

முதல் கேள்விக்குப் பதில் சின்னதுதான்: பிழைகளை வைத்து.

இரண்டு படிகளில் ஒரு வரி சரியாக இருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. மூலத்தில் இருந்தது இரண்டுக்கும் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கலாம். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால் விஷயம் வேறு. தேர்வுத்தாள் திருத்துகிற எந்த வாத்தியாரும் சொல்வார், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று காட்டிக்கொடுப்பது சரியான விடை அல்ல என்று. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் லாக்மன் பெயரில் வழங்கும் முறையின் சாரம் இவ்வளவுதான். உறவை மரமாக வரைந்து காட்டும் பழக்கத்தின் ஆரம்பகால உதாரணம் ஸ்காண்டிநேவியாவிலேயே இருக்கிறது. ஸ்வீடனின் பழைய சட்ட நூல் ஒன்றை 1827இல் பதிப்பித்த ஷ்லீட்டர், அதன் சுவடிகளை அப்படி வரைந்து காட்டினார்.

ஆனால் எல்லாப் பிழைக்கும் ஒரே எடை கிடையாது. கன்றுத்தோலைப் பதப்படுத்தி ஏடாக்குவது செலவு பிடிக்கிற காரியம். அதனால் ஐஸ்லாந்தில் எழுதியவர்கள் சொற்களைச் சுருக்கித் தள்ளினார்கள். ஆட்பெயரைக்கூடப் பல இடங்களில் ஓர் எழுத்தும் புள்ளியுமாக முடித்துவிடுவார்கள். ந்யாலின் சாகாவில் குன்னரும் உண்டு, கிரிமூரும் உண்டு, இருவர் பெயரும் G என்ற எழுத்தில்தான் தொடங்கும். ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் தவறான ஆளை விரித்து எழுதிவிட்டால், அவரைப் பார்த்து எழுதும் அத்தனை பேரும் அந்த ஆளையே எழுதுவார்கள். இது உறவுக்குச் சாட்சிதான், ஆனால் பலவீனமான சாட்சி. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் இதே தப்பைச் செய்திருக்கலாம். ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளுக்கு நடுவே கண் தாவி, இடையில் உள்ளதை விட்டுவிடுவதும் அப்படித்தான்.

அசைக்க முடியாத சாட்சி என்றால் அது காணாமல்போன ஏடு. ‘எட்டா’ (Edda) எனப்படும் பழைய தெய்வ, வீரப் பாடல்களைத் தாங்கி நிற்கும் ‘அரசர் நூல்’ என்ற தோல் சுவடியில் இன்று 45 ஏடுகள் இருக்கின்றன. சிகுர்த் என்ற வீரனின் கதை நடுவில் 8 ஏடுகள் போய்விட்டன. 1643இல் பிஷப் பிரின்யோல்வூர் ஸ்வைன்சன் கைக்கு அது வருவதற்கு முன்பே போய்விட்டன. பிற்காலத்தில் அதைப் பார்த்து எழுதிய தாள் சுவடிகளிலும் பாட்டு அதே இடத்தில் அறுந்து நிற்கிறது. இரண்டு பேர் தற்செயலாக ஒரே சொல்லில் பேனாவை வைத்துவிட்டுப் போவார்களா என்ன?

சரி, இரண்டாவது கேள்வி. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் பழையதே நல்லது என்ற எண்ணம் அவ்வளவு இயல்பாக வருகிறது. படியின் வயது வேறு, அதில் உள்ள பாடத்தின், அதாவது எழுதியிருக்கும் சொற்களின், வயது வேறு. நார்வே அரசர்களின் வரலாறான ஹெய்ம்ஸ்கிரிங்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கிரிங்லா’ என்ற தோல் சுவடி அதற்கு இருந்தது. 1728 அக்டோபரில் கோபன்ஹேகன் மூன்று நாள் எரிந்தபோது பல்கலைக்கழக நூலகத்தோடு அதுவும் போனது. எஞ்சியது ஒரே ஓர் ஏடு. நல்லவேளையாக, ஆஸ்கெய்ர் யோன்சன் என்ற ஐஸ்லாந்துக்காரர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தாளில் கவனமாகப் படி எடுத்திருந்தார். 14ஆம் நூற்றாண்டுத் தோல் சுவடிகள் கையில் இருந்தும், இன்றைய நல்ல பதிப்பு அந்தத் தாள் படிகளைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. வயதை மட்டும் பார்த்திருந்தால் அவற்றை ஒதுக்கியிருப்போம்.

இன்னோர் உதாரணம், ஸ்டுர்லுங்கா என்ற சாகாத் தொகுப்பு. அதன் இரண்டு தோல் சுவடிகளில் ஒன்றில் இன்று மிஞ்சியது 30 ஏடுகள். மற்ற ஏடுகளுக்கு என்ன ஆனது என்று கேட்டால், ஒன்றைத் துணி வெட்டும் அளவுமாதிரியாகக் கத்தரித்திருக்கிறார்கள்! அந்தச் சுவடி முழுதாக இருந்த காலத்தில் எடுத்த தாள் படிகள் இல்லையென்றால் அதன் பாடத்தில் பெரும்பகுதி போயிருக்கும்.

உங்கள் ந்யாலுக்கே வருவோம். கதை எழுதப்பட்டது ஏறக்குறைய 1280 வாக்கில். கிடைக்கும் மிகப் பழைய சுவடிகள் 1300ஐ ஒட்டியவை. ஐஸ்லாந்து அறிஞர் ஐனார் ஓலாவூர் ஸ்வைன்சன் 1950களில் இடைக்காலத் தோல் சுவடிகளை மூன்று கிளைகளாகப் பிரித்தார். அருமையான வேலை, ஆனால் பிற்காலத் தாள் சுவடிகளை அவர் பெரும்பாலும் ஓரம்கட்டிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவற்றை எடுத்து ஒப்பிட்டபோது, அவற்றில் பல ‘குல்ஸ்கின்னா’ என்ற தோல் சுவடி வழியாக வந்தவை என்று தெரிந்தது. அந்தச் சுவடி இன்று எங்கும் இல்லை. அதன் பிள்ளைகளான படிகளின் பொதுப் பிழைகளைச் சேர்த்துத்தான் அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

தொலைந்த ஒன்றை ஊகிக்கலாம் என்பதால் எல்லாமே கைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சுவடி சேகரிப்பில் பெரும்புள்ளியான ஆர்னி மக்னூசன், ஹெய்தர்வீகா சாகாவின் சில ஏடுகளை ஸ்டாக்ஹோமிலிருந்து கடனாக வாங்கியிருந்தார். அவருடைய உதவியாளர் யோன் ஓலாப்சன் அதற்குப் படி எடுத்தார். 1728 தீயில் மூலமும் படியும் சேர்ந்தே எரிந்தன. யோன் உட்கார்ந்து, நினைவில் இருந்ததைத் திரும்ப எழுதினார். இன்று அந்தச் சாகாவின் முற்பகுதியாக நாம் படிப்பது அதைத்தான். கதை வந்துவிட்டது, நடை 18ஆம் நூற்றாண்டினுடையது. எந்த மரத்தாலும் அதற்கு மேல் ஒரு படி ஏற முடியாது.

இந்த முறை தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சில படிகள் இரண்டு சுவடிகளை அருகருகே வைத்துக் கலந்து எழுதியவை. ஸ்டுர்லுங்காவின் தாள் படிகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. ஒரு பிள்ளைக்கு இரண்டு வீட்டுச் சாயலும் இருந்தால் மரத்தின் கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். இன்னொன்று, ஐஸ்லாந்தில் படி எடுத்தவர்கள் வாசகர்களும்கூட. பிடிக்காததைச் சுருக்கினார்கள், பிடித்ததை நீட்டினார்கள். அச்சு வந்த பிறகும் நிறுத்தவில்லை. தியால்தநெஸ் பண்ணையில் வாழ்ந்த மக்னூஸ் யோன்சன் என்ற விவசாயி 1922இல்தான் இறந்தார். சாகாக்களைக் கையாலேயே எழுதி 20 தொகுதிகள் சேர்த்தவர் அவர். மூலத்தைத் தேடும் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட படிகளைப் பல காலம் குப்பை என்றே நினைத்தார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் எந்தப் படியைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்தால்தான் அவராக எதை மாற்றினார் என்பது தெரியும். அவருடைய ரசனையைப் பிடிக்கவாவது அந்த மரம் வேண்டும்.

கணினி விஷயம். 1991வாக்கில் சுவடி ஆய்வாளர் பீட்டர் ராபின்சன் ஸ்விப்தாக்ஸ்மால் என்ற பழைய பாட்டின் 40க்கும் மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதப் பட்டியலை, அதாவது படிக்குப் படி மாறும் சொற்களின் பட்டியலை, மற்றவர்களுக்குச் சவாலாக விட்டார். உயிரியல் பின்னணி கொண்ட ராபர்ட் ஓஹாரா, உயிரினங்களின் பரிணாம உறவைக் கணிக்கும் நிரலில் அதைப் போட்டார். வெளிச் சான்றுகளோடு ராபின்சன் கட்டியிருந்த மரத்துக்கு மிக நெருக்கமாக விடை வந்தது. ஆக, கணினி உதவும். ஆனால் எது எதற்குப் பக்கம் என்றுதான் அது சொல்லும். எது முந்தியது, எது பிந்தியது, எந்தப் பாடபேதம் வெறும் எழுத்துக்கூட்டல் வித்தியாசம் என்பதையெல்லாம் மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் யாராவது உட்கார்ந்து சுவடிகளை வாசித்துத் தட்டச்சு செய்ய வேண்டுமே! அதனால்தான் பலர் முழு நூலையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு படியிலிருந்தும் சில அத்தியாயங்களை மட்டும் எடுத்து மரம் வரைந்து பார்க்கிறார்கள். பல நேரங்களில் அதுவே போதுமானதாக இருக்கிறது.

உங்கள் மொழிபெயர்ப்பு எந்தக் கிளை என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். முற்பகுதியில் குன்னரும் ந்யாலின் மகன் ஸ்கார்ப்ஹெதினும் அடிக்கடி பாட்டுப் பாடுகிறார்களா? அப்படியென்றால் அது ரேக்யாபோக் சுவடியின் பக்கம். அந்தப் பாட்டுகள் இல்லையென்றால், ஐனார் ஓலாவூரின் 1954 பதிப்பு அடிப்படையாகக் கொண்ட மோத்ருவல்லாபோக் சுவடியாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.